ஐந்து இடைவேளைக் கச்சேரி

விடுமுறைக்கு முந்தின மூன்று வாரங்களுக்கு வயலின் டீச்சருக்கு ஓர் உடம்பு போதாது. வருடத்தில் பத்து மாதம் 'யாராவது கூப்பிடமாட்டார்களா' என்று போனையே முறைத்துக்கொண்டிருப்பவள், இந்த மூன்று வாரமும் அதைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அங்கேயும் அது அடித்தது. எடுத்து, 'முடியாது' என்று சொல்ல வாயைத் திறந்தாள். 'வரேன்' என்றுதான் வந்தது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது புரியாது. யாரிடமும் வேலை பார்க்காதவளுக்கு ஊரெல்லாம் முதலாளி.

காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட ஒத்திகை. நாற்பது பிள்ளைகளும் ஒரே பாட்டைத்தான் வாசித்தார்கள், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. பதினொன்றரைக்கு வணிக வளாகம். நகரும் படிக்கட்டுக்கும் வாசனைக் கடைக்கும் நடுவே, வளாகத்தார் கொடுத்த பச்சைத் தொப்பியோடு பதினொரு பாட்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. வாசனைக் கடையில் நிற்கும் பெண்ணுக்குப் பத்தே நாளில் எல்லாம் மனப்பாடம்.

"அக்கா, ஏழாவது பாட்டுல நேத்து ஒரு இழுப்பு இழுத்தீங்களே, இன்னிக்கு அதக் காணோம்?"

"பசிம்மா. அதையும் சேர்த்து முழுங்கிட்டேன்."

வயலின் பெட்டிக்குள் வயலின் போக மிச்ச இடத்தில் மாற்றுக் கம்பிகள், ரோஸின் கட்டி, காற்றில் தாள் பறக்காமலிருக்கத் துணி கிளிப் ஆறு, கறுப்புச் சாக்ஸ் ஒரு ஜோடி, இரண்டு வாழைப்பழம். அவசரத்தில் ஒருநாள் ரோஸின் என்று நினைத்து வில்லில் வாழைப்பழத்தைத் தேய்க்கப் போய்விட்டாள் என்பது வளாகத்தில் உலவும் கதை. அவள் அதை மறுக்கவில்லை. மறுக்க நேரமில்லை.

மூன்று மணியிலிருந்து ஏழு வரை பாடம். பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஓர் அறை. கீழே அவருடைய டிரில் ஓடும், மேலே இவளுடைய பிள்ளைகள் ஓடுவார்கள். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவருக்கு எது எந்தச் சத்தம் என்று பிரித்தறிய முடியாது. ஊசி போட்ட பிறகும் 'ஐயோ, ஐயோ' என்று கத்தியவர்கள் பெரும்பாலும் மாடியைப் பார்த்துத்தான் கத்தினார்கள். ஆனாலும் அந்த அறையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. வீட்டில் பாடம் நடத்திய காலத்தில் மேல் வீடு, கீழ் வீடு, இடது வீடு, வலது வீடு நால்வரும் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் குடியிருப்பில் நாலு வீடு ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அறை இல்லையென்றால் இருபத்துமூன்று மாணவர்களும் இல்லை. மாணவர்கள் இல்லையென்றால் மிச்சம் பச்சைத் தொப்பிதான்.

அந்த அறையின் ஒப்பந்தம் வருடக் கடைசியோடு முடிகிறது. டாக்டர் வெண்ணெய் மாதிரி பேசுகிறவர். வெண்ணெய்க்குள் கத்தி இருக்கும்.

"அழகு நிலையம் நடத்துற ஒரு அம்மா அறையக் கேக்குறாங்க டீச்சர். அவங்க வேலையில சத்தமே வராதாம். ஆனா நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. முதல்ல பிள்ளைங்க கச்சேரி முடியட்டும். என் மாமனார் வெளிநாட்டுலேர்ந்து வர்றார், பேத்தி வாசிக்கிறதக் கேக்கறதுக்குன்னே. இந்தக் கட்டடம், கீழ இருக்கற நாற்காலி, மெஷின் எல்லாம் அவர் வாங்கிக் குடுத்ததுதான். கடைசி இடத்துல நம்ம பொண்ணப் போட்டீங்கன்னா, அப்புறம் நாம பேசிக்கலாம்."

வருடக் கடைசியில் நூலக அரங்கில் அவளுடைய மாணவர்கள் வாசிக்கும் கச்சேரியில் கடைசி இடம்தான் கிரீடம். தேர்ந்த கை எதுவோ அதுதான் கடைசியில் வரும் என்பது பெற்றோரிடையே எழுதாத சட்டம். டீச்சர் உடனே டைரியைத் திறந்து, டாக்டரின் கண் முன்னாலேயே, கடைசி வரிசையில் அவர் மகளின் பெயரைப் பென்சிலால் எழுதினாள். டாக்டர் திருப்தியாகப் படியிறங்கினார்.

தப்பு அங்கேதான். வாத்தியக்காரர்களின் உலகத்தில் பென்சிலுக்கு ஒரு தர்மம் உண்டு. ஒரு தேதிக்கு ஒருவர் கூப்பிட்டால் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். இன்னொருவர் கூப்பிட்டால் அதற்குக் கீழேயே இரண்டாம் பென்சில். மூன்றாமவர் வந்தால் மூன்றாம் பென்சில். யார் முதலில் உறுதி சொல்கிறார்களோ அவர்களுக்குப் பேனா. மற்றவர்கள் 'சரி, அடுத்த தடவை' என்று போய்விடுவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. இருபது வருடமாகப் பென்சிலோடு வாழ்ந்தவளுக்கு, பெற்றோர் அந்த உலகத்தில் இல்லை என்பது மறந்தேபோயிற்று. அவர்களைப் பொறுத்தவரை எழுதினால் எழுதினதுதான்.

வெள்ளிக்கிழமை இரவு, வாரக் கடைசியில் அவள் வாசிக்கும் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில், இரண்டு பாட்டுக்கு நடுவே, பியானோக்காரன்தான் அதைக் கண்டுபிடித்தான். விரல் விழுவது தெரியாமல் வாசிப்பதால் அவனுக்கு 'மெத்தை' என்று பெயர். நாக்கு மட்டும் மெத்தை அல்ல.

"டீச்சர், கடைசி இடத்துல மூணு பேர் எழுதியிருக்கே. மூணு பேரும் ஒரே வயலினப் பிடிச்சுக்கிட்டு வாசிப்பாங்களா?"

"குடு இப்படி."

பல் டாக்டரின் மகள். ஹோட்டல் மேனேஜரின் மகன். நாத்தனாரின் மகள். வரிசையாக, அழகான கையெழுத்தில், பென்சிலில்.

"அதெல்லாம் பென்சில்தானேடா."

"நமக்குப் பென்சில். அவங்களுக்குக் கல்வெட்டு. மேனேஜர் இப்பதான் வந்து, 'தம்பி, எங்க பையன்தான் கடைசி, டீச்சரே என் முன்னாடி எழுதிட்டாங்க'ன்னு சொல்லி எனக்குக் கை குடுத்துட்டுப் போறார்."

டீச்சர் வில்லை எடுத்து அடுத்த பாட்டைத் தொடங்கினாள். வாசிக்கும்போதே கணக்குப் போட்டாள். டாக்டரை நகர்த்தினால் அறை போச்சு. ஆக, மற்ற இருவரையும் நகர்த்த வேண்டும். கெஞ்சினால் நகரமாட்டார்கள், கெஞ்சுகிறவளிடம் சரக்கு இருக்கிறது என்று இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். அவர்களாகவே கையை உதறிவிட்டு ஓட வேண்டும்.

மறுநாள் காலையில் நாத்தனாரே வந்து சேர்ந்தாள். டீச்சர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கடைசி இடம் உறுதிதானே? எங்க மாமியார் வீட்டுலேர்ந்து பதினாலு பேர் வர்றாங்க."

"பதினாலு பேரா! பாவம், கடைசி வரைக்கும் உக்காந்திருப்பாங்களா?"

"ஏன் உக்காரமாட்டாங்க?"

"ஒண்ணுமில்ல. போன வருஷம் கடைசியா வாசிச்ச பிள்ளைக்குக் கை தட்டினது ரெண்டே பேரு. ஒருத்தர் அவங்கப்பா. இன்னொருத்தர் நாற்காலி மடக்க வந்தவர். அவரும் தூசி தட்டினாரோ என்னமோ."

நாத்தனார் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்போ எதுதான் நல்ல இடம்?"

"எல்லாமே நல்ல இடம்தான்." டீச்சர் வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இடைவேளைக்கு முந்தின இடத்த மட்டும் கேக்காத. அது குடுத்தாச்சு."

"யாருக்கு?"

"அது எதுக்கு உனக்கு?"

"என்கிட்ட சொல்லாம யாருக்கு அண்ணி குடுத்தீங்க? அப்படி என்ன இருக்கு அதுல?"

"ஒரு பிள்ள வாசிச்சு முடிக்குது. உடனே இடைவேளை. அரங்கம் முழுக்க டீக்கு வரிசையில நிக்குது. பதினஞ்சு நிமிஷம் வேற பேச்சு எதுக்கு வரும்? அந்தப் பிள்ளையப் பத்திதான் பேசுவாங்க. கடைசியா வாசிச்சா? செருப்பத் தேடுவாங்க, சாவியத் தேடுவாங்க."

"குடுத்தத திருப்பி வாங்குங்க."

"நல்லாருக்கே! வாக்கு குடுத்துட்டு எப்படி வாங்குறது?"

"நான் யாரு, ரோட்டுல போறவளா? அண்ணன எழுப்பவா இப்போ?"

"வேணாம் தாயே, அவர் தூங்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நன்றாக ஒத்துழைத்தது. "உனக்காகச் செய்றேன். வெளிய சொல்லிடாத."

டைரியில் பேனாவால் எழுதிக் காட்டியதும் நாத்தனார் ஏதோ கோட்டையைப் பிடித்தவளாகப் புறப்பட்டாள். உள்ளபடி அந்த இடம் யாருக்குமே கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

மேனேஜருக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவைப்படவில்லை. புகைப்படக்காரர் முதல் அரை மணி நேரம் மட்டும்தான் இருப்பார் என்று போகிறபோக்கில் சொன்னாள், அவ்வளவுதான். "அப்போ முதல் ஆளா நம்ம பையனப் போட்டுடுங்க டீச்சர், கடைசின்னா வெளிச்சம் சரியா வராது" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடைசி இடம் துடைத்துவைத்த மாதிரி டாக்டருக்குக் காலியாயிற்று. டீச்சர் அன்றைக்கு வளாகத்தில் ஏழாவது பாட்டில் ஓர் இழுப்புக்குப் பதில் இரண்டு இழுத்தாள்.

செவ்வாய்க்கிழமை நாத்தனாருக்குப் பல்வலி வந்தது.

டாக்டர் ஊசி போட்டார். வாயில் இடது பாதி மரத்துப்போயிற்று. வெளியே சொல்லக் கூடாத விஷயத்தை அவள் வலது பாதியால் சொன்னாள். அரை மணி நேரத்தில் டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். பாடத்தில் இருந்த பையன் வில்லை அந்தரத்தில் நிறுத்தினான்.

"டீச்சர், கடைசி இடம்னா யாரும் கேக்கமாட்டாங்களாமே. செருப்பத் தேடுவாங்களாமே. என் மாமனாரு பன்னெண்டு மணி நேரம் விமானத்துல உக்காந்து வர்றது, நம்ம பொண்ணு வாசிக்கும்போது மத்தவங்க செருப்பு தேடுறதப் பாக்கவா?"

"யாரு சொன்னது டாக்டர்?"

"பேஷன்ட் பேர நான் வெளிய சொல்லமாட்டேன். உங்க நாத்தனாருன்னு மட்டும் சொல்றேன். எனக்கு இடைவேளைக்கு முந்தின இடம்தான் வேணும்."

"அது அவளுக்கே பேனாவுல எழுதியாச்சே டாக்டர்."

"அழகு நிலையத்தம்மா நாளைக்கு அறையப் பாக்க வர்றேன்னாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

தான் விற்ற புரளி தன் கடை வாசலுக்கே திரும்பி வந்து நிற்பதை டீச்சர் பார்த்தாள். அதைவிடப் பெரிய புரளியால்தான் இதை விரட்ட வேண்டும்.

"எந்த இடைவேளைக்கு முந்தினது வேணும் உங்களுக்கு?" என்றாள்.

டாக்டர் விழித்தார். "எத்தன இடைவேளை இருக்கு?"

"ரெண்டு. ரெண்டாவதுதான் விசேஷம். முதல் இடைவேளையில ஜனங்களுக்குத் தாகம், பேச வராது. ரெண்டாவதுலதான் வாய் திறக்கும்."

டாக்டர் இறங்கிப் போனார். பையன் கேட்டான், "டீச்சர், நிஜமாவே ரெண்டு இருக்கா?"

"இப்போ இருக்கு. நீ வாசி."

இரண்டு இடைவேளை என்றதும் மேனேஜரின் மனைவி போன் செய்தாள்: "எங்க பையன மட்டும் பாயசத்துக்கு முந்தின அப்பளம் மாதிரி முதல்லயே வச்சுட்டீங்களே." மூன்றாவது இடைவேளை பிறந்தது, அதற்கு முன்னால் அவனுக்கு இன்னொரு பாட்டும். அதற்குப் பிறகு சரக்கு சூடுபிடித்துவிட்டது. வியாழனுக்குள் ஐந்து. இருபத்துமூன்று பிள்ளைகள், ஐந்து இடைவேளை. வாத்தியம் எழுபது நிமிடம், டீ ஐம்பது நிமிடம். டீ ஏற்பாட்டை மேனேஜரே ஏற்றுக்கொண்டார், மகன் பெயரைச் சொல்லி.

மெத்தை நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "ஐந்தாவது இடைவேளைக்கு அப்புறம் யாரு?"

"யாருமில்ல."

"யாருமில்லன்னா அது இடைவேளையே இல்லையே. கச்சேரி முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அப்போ அதுக்கு முன்னால வாசிக்கிற பிள்ளதான் கடைசி. அவங்கம்மா நம்மள உரிச்சு உப்பு தடவிடுவாங்க."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மூன்று பேர் அடித்துக்கொண்ட இடத்துக்கு இப்போது ஆள் தேட வேண்டியிருந்தது. இருபத்துமூன்று வீட்டிலும் கேட்டாள். ஒரு வீட்டில் சிரித்தார்கள், ஒரு வீட்டில் கோபித்தார்கள், ஒரு வீட்டில் போனை வைத்தேவிட்டார்கள். கடைசியில் "நானே வாசிக்கிறேன், நீ கூட வாசி" என்று மெத்தையிடம் சொல்லி, அந்த வரியைக் காலியாக விட்டு அச்சுக்குக் கொடுத்தாள். ஆறு மணிக்கு ஹோட்டலில் இருக்க வேண்டும். கச்சேரி மூன்றே முக்காலுக்கு. நிமிடம் பிசகாமல் ஓடினால் முடிக்கலாம்.

சனிக்கிழமை நூலக அரங்கம் நிரம்பி வழிந்தது. மேனேஜரின் மகன் மூன்றாவது கம்பியில் இருக்க வேண்டிய பாட்டை இரண்டாவதில் வாசித்து அமோகக் கைதட்டல் வாங்கினான். முதல் இடைவேளைக்கு முன் நாத்தனாரின் மகள். பதினாலு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள்; அப்படியே நின்றபடி டீக்கு நகர்ந்தார்கள். டீச்சர் கண்டுபிடித்துச் சொன்ன பொய் எல்லாம் உண்மையாகிக்கொண்டிருந்தது. வரிசையில் நிஜமாகவே அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேச்சு.

இரண்டாம் பகுதி தொடங்கி இரண்டு பிள்ளைகள் வாசித்திருப்பார்கள். பக்கவாட்டுக் கதவருகே நின்ற டீச்சரின் முழங்கையை யாரோ பிடித்தார்கள். டாக்டர். நெற்றியெல்லாம் வியர்வை.

"டீச்சர், மாமனார் இன்னும் வரல. போன் அணைஞ்சு கிடக்கு. விமானம் எப்பவோ இறங்கியாச்சு. எங்கயோ போக்குவரத்துல மாட்டியிருக்கார். பொண்ணு இன்னும் ரெண்டு பேருக்கு அப்புறம் வாசிக்கணும். கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"எவ்வளவு தள்ளி?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு. மூணாவது, நாலாவது..."

"அதெல்லாம் பேனாவுல எழுதினது டாக்டர். அச்சே போட்டாச்சு. ஒரே ஒரு இடம்தான் காலியா இருக்கு."

"எது?"

"கடைசி."

டாக்டர் முகத்தில் செருப்பும் சாவியும் ஓடி மறைந்தன. பிறகு அதே முகத்தில் மாமனாரின் நினைப்பு வந்தது. அது மறையாமல் நின்றது. "சரி. அதையே குடுங்க."

"குடுக்கலாம். ஆனா அது நான் வாசிக்கறதுக்காக வச்சிருந்தது. இருபது வருஷத்துல மொதமொதலா என் பிள்ளைங்க முன்னாடி நானே வாசிக்கலாம்னு..." குரலைக் கொஞ்சம் இறக்கினாள். இப்போது வெங்காயம்கூடத் தேவைப்படவில்லை.

"உங்களுக்கு என்ன வேணும் டீச்சர், நேரா சொல்லுங்க."

"மேல் அறை. அஞ்சு வருஷம். எழுத்துல."

"அஞ்சா! ஒண்ணு."

"ஒரு வருஷத்துல ஒரு பிள்ளைக்கு வில் பிடிக்கக்கூட வராது டாக்டர். அஞ்சு."

"ஒண்ணரை."

"அழகு நிலையத்தம்மாவ வரச் சொல்லுங்க. அவங்களே வந்து கடைசியா வாசிக்கட்டும்."

டாக்டர் பல்லைக் கடித்தார். தொழில்முறையில் அது கூடாது என்று அவருக்கே தெரியும். "ரெண்டு. அதுக்கு மேல கேக்காதீங்க."

அவள் 'நாலரை' என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் டாக்டரின் தோளுக்கு மேலாக, கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில், டீ மேசையைப் பார்த்தாள். விமானச் சீட்டு ஒட்டிய பெட்டி ஒன்று மேசைக்கடியில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் நிதானமாக பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். வயலினோடு நின்ற டாக்டரின் மகள் அவர் காதில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். "தாத்தா!" என்று அவள் சொன்னது டீச்சருக்குக் கேட்டது. கைதட்டல் சத்தத்தில் டாக்டருக்குக் கேட்கவில்லை.

டாக்டர் தலையைத் திருப்பினால் போச்சு. சரக்கு அந்த நொடியே செல்லாக்காசு. டீச்சர் அவர் கையைப் பற்றி, ரொம்ப மனம் இளகியவள் போல, மெல்ல அவரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பினாள்.

"டாக்டர், நீங்களும் பொண்ணப் பெத்தவரு. உங்க மனசு எனக்குப் புரியாதா? அஞ்சு வேணாம். மூணு. இப்பவே எழுதுங்க."

இவ்வளவு சீக்கிரம் இறங்கியதில் டாக்டருக்கே ஆச்சரியம். மனம் மாறிவிடுவாளோ என்ற பயத்தில், சட்டைப் பையிலிருந்த மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்துச் சுவரில் வைத்து மளமளவென்று எழுதினார். மூன்று வருடம், மேல் அறை, கையெழுத்து, தேதி. மருந்துக் கடைக்காரரைத் தவிர யாராலும் படிக்க முடியாத எழுத்து. டீச்சர் 'மூணு' என்ற இடத்தை மட்டும் எண்ணிலும் எழுதச் சொன்னாள். சீட்டை மடித்து வயலின் பெட்டிக்குள் சாக்ஸுக்கு அடியில் வைத்த பிறகுதான் அவரைத் திரும்பவிட்டாள்.

"அட, அங்க பாருங்க, உங்க மாமனார் மாதிரி இருக்கே!"

"மாமா!" டாக்டர் தாழ்வாரத்துக்கு ஓடினார்.

ஐந்தாவது இடைவேளை முடிந்து அந்தப் பெண் கடைசியாக வாசித்தாள். ஐந்து தடவை டீ குடித்தே பழகிய ஜனம் ஆறாவதும் வரும் என்று நம்பி, ஒருவர்கூட எழவில்லை. பெண் நன்றாகவே வாசித்தாள். நடுவில் ஒரு வரி மறந்ததும், நின்று, தாத்தாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். அரங்கம் அதிரத் தட்டியது. டாக்டர் எல்லோரையும் திரும்பிப் பார்த்து, எல்லாம் தன் ஏற்பாடு என்பது போலத் தலையாட்டினார்.

மணி ஐந்து ஐம்பது. டீச்சர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் பாய்ந்தாள். மெத்தை முன்னாலேயே காரைக் கிளப்பி வைத்திருந்தான். டீ மேசையருகே பெரியவர் கையை நீட்டி அவளை மறித்தார்.

"ஒரு நிமிஷம்மா. நான் நாப்பது வருஷம் மொத்த வியாபாரம் பண்ணினவன். கதவுக்குப் பின்னால என்ன பேரம் நடந்தாலும் காதுல விழுந்துரும்."

டீச்சரின் கை பெட்டியின் மேல் போயிற்று. "ஐயா, எப்போ வந்தீங்க?"

"முதல் இடைவேளைக்கே வந்துட்டேன். மாப்பிள்ளை கண்ணுல பட்டா முன் வரிசையில கொண்டுபோய் உக்கார வச்சிருவார், அங்க டீ வராது." அவர் பெட்டிமேலிருந்த அவள் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "அஞ்சுன்னு நல்லாத்தானே ஆரம்பிச்சே. ஏன் அப்படித் தடால்னு மூணுக்கு விழுந்தே?"

"நீங்க எழுந்து வந்துருவீங்களோன்னு பயந்துட்டேன்யா."

"போம்மா." பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு கண்ணக் காட்டியிருந்தா நான் அங்கயே உக்காந்து இன்னும் நாலு பிஸ்கட் தின்னுருப்பேனே."